முளைக்காத விதைநெல்லை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்

நெல் விதைப்புப் பருவம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குக் கோபத்தோடு சில மாதிரிப் பைகள் வந்து சேரும். "ஊறப்போட்டு மூன்று நாளாச்சு அக்கா, பாதிதான் முளை விட்டிருக்கு. மீதி எல்லாம் செத்த விதை. காசு கொடுத்து வாங்கினது." பினாங்கின் பெருநிலப் பக்கம், செபராங் பிறையில், விதையின் முளைப்புத் திறனைச் சோதிப்பது என் தொழில். அவர்களின் கோபம் நியாயமானது. விதை செத்துவிட்டது என்ற முடிவுதான் பல நேரங்களில் தவறாக இருக்கிறது.

முளைக்காத அந்த நெல்மணிகளைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். செத்த விதை ஊறியதும் மெத்தென்று ஆகும், நசுக்கினால் பால் போலப் பிதுங்கும், பூசணம் படரும், நாற்றம் வரும். கல் போல உறுதியாக, சுத்தமாக, நாற்றமில்லாமல் இருந்தால் அந்த விதை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. தண்ணீர் கிடைத்தும், காற்று கிடைத்தும், சூடு போதுமாக இருந்தும் முளைக்காமல் காத்திருக்கிறது. இதை விதை உறக்கம் என்கிறோம். இது தெரியாததால் சிலர் நல்ல விதையைக் கோழிக்குக் கொட்டிவிடுகிறார்கள். சிலர் இன்னொரு பையை வாங்கி அதன் மேலேயே தூவுகிறார்கள். இரண்டுமே நட்டம்தான்.

விதை ஏன் உறங்க வேண்டும்? கதிர் முற்றிய வயலில் நாலு நாள் விடாமல் மழை பெய்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். கதிரிலேயே முளைத்துவிட்ட நெல் விதைக்கும் ஆகாது, அரிசிக்கும் ஆகாது. தீபகற்பத்தின் வடமேற்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நல்ல மழைக்காலம். லுவார் மூசிம் எனப்படும் இடைப்பருவப் போகத்தின் அறுவடை கொஞ்சம் பிந்தினாலே மழையோடு மோதும். அந்த நேரத்தில் கதிரைக் காப்பாற்றுவது மணிக்குள் இருக்கும் இந்த உறக்கம்தான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கும் நம் ஊரில் ஒரு போகத்தின் விதை சில வாரங்களிலேயே அடுத்த போகத்துக்குத் தேவைப்படுகிறது. மழையில் காப்பாற்றிய அதே குணம் அப்போது இடைஞ்சலாகிவிடுகிறது. நெல் இனவிருத்தி செய்பவர்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்த முரணோடுதான். உறக்கமே இல்லாத இரகம் கதிரில் முளைக்கும். உறக்கம் மிகுந்த இரகம் வயலில் சீராக முளைக்காது.

மணிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலர்ந்த நெல்மணியில் ஈரப்பதம் சுமார் 12, 13 விழுக்காடு. ஊறவைத்தால் அது 30 விழுக்காட்டை நெருங்கும். அப்போது கரு விழித்து ஜிப்ரலின் என்ற இயக்குநீரைச் சுரக்கும். அந்த ஜிப்ரலின் தவிட்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கைச் சென்றடைந்ததும் அங்கிருந்து ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி வெளிவந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. முளைகட்டிய தானியம் இனிப்பது இதனால்தான். மூன்றாவது இலை விரியும்வரை நாற்றுக்கு இந்தச் சேமிப்புதான் சோறு. இதற்கு எதிராக வேலை செய்வது அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு இயக்குநீர். அது அதிகமாக இருக்கும்வரை, அல்லது கரு அதற்கு அதிகமாகக் கீழ்ப்படியும்வரை, விதை அசையாது. எந்த இரகத்தில் எது எவ்வளவு, எப்போது என்பதைத் தீர்மானிப்பவை மரபணுக்கள்.

ஜிப்ரலினை உலகம் அறிந்துகொண்டதே நெல்லின் ஒரு நோயால்தான். சில நாற்றுகள் மற்றவற்றைவிட மளமளவென்று உயர்ந்து, வெளிறி, மெலிந்து, கடைசியில் மணி பிடிக்காமலே சாகும். ஜப்பானியர்கள் இதை பக்கானே என்றார்கள். அந்த நெட்டை வளர்ச்சிக்குக் காரணம் ஒரு பூஞ்சை வெளியிடும் பொருள் என்று 1926இல் குரோசாவா காட்டினார். 1935இல் யாபுதா அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். பூஞ்சை வெளியிடுவதும் நெல்லின் கரு தானே சுரப்பதும் ஒரே குடும்பத்துப் பொருள் என்பது பிறகு தெரிந்தது. அதை உணரும் ஏற்பியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் கண்டுபிடித்ததும் நெல்லில்தான்.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கானே மலேசிய வயல்களிலும் உண்டு. நாற்று பத்து நாளில் உயரமாக நிற்பதைப் பார்த்து "விதைக்கு நல்ல வீரியம்" என்று மகிழ்ந்து படம் அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து நாற்றுகளைவிடத் தனியாக உயர்ந்து, இலை மஞ்சள் கலந்த வெளிர் பச்சையாக, தண்டு மெலிந்து இருந்தால் அது வீரியமில்லை, நோய். இந்த நோய் விதை வழியாகப் பரவும். அப்படிப்பட்ட பாத்தியிலிருந்து அடுத்த பருவத்துக்கு விதை எடுத்து வைக்கவே கூடாது.

இதே ஜிப்ரலின் குட்டை நெல்லின் கதையிலும் வருகிறது. 1966இல் வெளிவந்த ஐஆர்8 இரகத்தைக் குட்டையாக்கியது எஸ்டி1 என்ற மரபணு. ஜிப்ரலின் தயாரிப்பில் ஒரு படிநிலை அதில் பழுதாகியிருக்கிறது. அதனால் செடி உயராது, உரம் போட்டாலும் சாயாது. பிறகு பார்த்தால், அதே மரபணு விதை உறக்கத்திலும் கை வைக்கிறது. குட்டை வடிவம் உறக்கத்தைக் கூட்டுகிறது. விளைச்சலுக்காக ஒரு குணத்தைத் தேர்ந்தெடுத்தபோது முளைப்பும் சேர்ந்தே மாறியிருக்கிறது.

உறக்கத்துக்கென்றே தனியாக அடையாளம் காணப்பட்ட மரபணுக்களில் முக்கியமானது எஸ்டிஆர்4. நெல்லில் இண்டிகா, ஜப்பானிகா என்று இரண்டு பெரும் வகைகள் உண்டு. உறக்கம் அதிகமுள்ள கசலாத் என்ற இண்டிகா நெல்லையும், உறக்கம் குறைந்த நிப்பொன்பாரே என்ற ஜப்பானிகா நெல்லையும் கலந்து, பேரப்பிள்ளைகளை வரிசையாகச் சோதித்து, 2010இல் ஜப்பானியக் குழு இதைப் பிரித்தெடுத்தது. இந்த ஒரு மரபணுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைக்க வேண்டாம். நெல்லின் பன்னிரண்டு குரோமோசோம்களிலும் உறக்கத்தைத் தொடும் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. குளிரில் முளைப்பதற்கென்று கூட ஒரு மரபணு உண்டு. ஜப்பானின் குளிர்ந்த வடக்கிலுள்ள ஹொக்கைடோ விவசாயிக்கு அது வேண்டும், நமக்கு வேண்டியதில்லை.

இண்டிகாவையும் ஜப்பானிகாவையும் கலப்பது நம் சாப்பாட்டுத் தட்டுக்குப் புதிய செய்தி இல்லை. 1950களில் ஒடிசாவின் கட்டாக்கில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டத்தின் கீழ், தைச்சுங் 65 என்ற தைவான் நெல்லும் மாயாங் எபோஸ் 80 என்ற மலாயா நெல்லும் கலக்கப்பட்டன. அந்த வழித்தோன்றல்களிலிருந்து இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு 1965இல் வெளியானதுதான் மாசூரி. அது கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி ஆனது. அதே வம்சத்து வெள்ளைப் பொன்னி 1986இல் வெளியிடப்பட்டது. லிட்டில் இந்தியா கடையில் "ஊர் அரிசி" என்று பார்த்துப் பார்த்து நாம் வாங்கும் பொன்னியின் ஒரு பாட்டி மலாயா வயலில் வளர்ந்தவள். எனக்கு இது பெருமையாகவே இருக்கிறது.

சரி, இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். விவசாயிகள் பாடி ஆங்கின் என்று அழைக்கும் களை நெல்.

மலேசியாவில் இது முதலில் பதிவானது 1988இல், சிலாங்கூரின் வடமேற்கு நெல் திட்டப் பகுதியில். நாற்று நட ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்கு எல்லாரும் மாறிய காலம் அது. நாற்று நட்ட வயலில் வரிசைக்கு வெளியே முளைத்ததைப் பிடுங்கிவிடலாம். தேங்கியிருக்கும் தண்ணீரும் களை முளைப்பதைத் தடுக்கும். தூவி விதைத்த வயலில் எது பயிர், எது களை என்று கதிர் வரும்வரை தெரியாது. தெரியும்போது அதன் மணிகள் பாதி தரையில் உதிர்ந்திருக்கும். நம் அறுவடை இயந்திரம் வரும்வரை அது காத்திருப்பதில்லை. உதிர்ந்த மணிகள் சேற்றுக்குள் போய் உறங்கும். எல்லாம் ஒரே நேரத்தில் விழிப்பதுமில்லை. சில இந்தப் பருவம், சில அடுத்த பருவம், சில அதற்கும் பிறகு. ஒரு தடவை கொன்றால் தீராமல் இருப்பதற்குக் காரணம் இந்தத் தவணை உறக்கம்தான்.

அதன் பின்னால் இருக்கும் மரபணுக்களில் ஒன்று ஆர்சி. அரிசியின் மேல்தோலுக்குச் சிவப்பு நிறம் தருவது அதுதான். காட்டு நெல் பெரும்பாலும் சிவப்பு. பெரும்பாலான வெள்ளை அரிசி இரகங்களில் ஆர்சி மரபணுவின் குறியீட்டில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போய் அது வேலை செய்யாமல் கிடக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, சிவப்பு நிறமும் உறக்கமும் இரண்டு அண்டை மரபணுக்களின் வேலையில்லை, ஆர்சி ஒன்றே இரண்டையும் செய்கிறது என்று காட்டியது. மணி வளரும் தொடக்க நாட்களிலேயே அப்சிசிக் அமிலத்தை அது கூட்டிவிடுகிறது. வெள்ளை அரிசியைத் தேர்ந்தெடுத்த நம் முன்னோர் தங்களை அறியாமலேயே உறக்கத்தையும் ஒரு படி குறைத்திருக்கிறார்கள்.

எனவே அடுத்த பருவத்துக்குச் சொந்த விதை எடுத்து வைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: அரைக் கிலோவை உமி நீக்கி, வெள்ளைத் துணியில் பரப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு மணிகள் கலந்திருந்தால் அந்தக் குவியல் விதைக்கு வேண்டாம், ஆலைக்கு அனுப்பிவிடுங்கள். சிவப்பே இல்லையென்றால் சுத்தம் என்றும் உறுதி சொல்ல முடியாது. நம் நாட்டுக் களை நெல்லில் வெள்ளை அரிசி உள்ளவையும் உண்டு. கதிர் நிற்கும்போதே வயலைச் சுற்றி வந்து உயரத்தையும் உதிர்வையும் பார்ப்பதுதான் கூடுதல் பாதுகாப்பு.

வயலில் களை நெல் ஏற்கெனவே இருந்தால் அறுவடை முடிந்த கையோடு ஆழ உழுதுவிடாதீர்கள். மேலே கிடக்கும் மணியைப் பறவை தின்னும், வெயிலில் உறக்கம் கலையும், ஈரம் பட்டதும் முளைக்கும். உழுது புதைத்தால் அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்ததாகிவிடும். கொஞ்சம் ஈரம் விட்டு, முளைக்க வைத்து, அழித்து, மறுபடியும் ஈரம் விட்டு, மறுபடியும் அழியுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது அந்தத் தவணை உறக்கத்தை மனத்தில் வைத்துத்தான்.

2010இல் களைக்கொல்லியைத் தாங்கும் கிளியர்ஃபீல்டு நெல் இங்கே வந்தபோது, இனிக் கவலை இல்லை என்று பலர் நினைத்தார்கள். தொடக்கத்தில் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் பயிர் நெல்லும் களை நெல்லும் ஒரே இனம். மகரந்தம் மாறிவிடும். அதோடு ஒரே வகை மருந்தை விடாமல் அடித்தால், தாங்கும் செடிகள் மட்டுமே மிஞ்சும். அந்த மருந்துக்கு அசையாத களை நெல் இப்போது மலேசியாவிலும் உறுதியாகியிருக்கிறது. விதையோடு வரும் வழிமுறைத் தாளில், அதே இரகத்தைத் தொடர்ந்து விதைக்காதே, தானாக முளைத்ததை விடாதே, மருந்தளவைக் குறைக்காதே என்று எழுதியிருப்பதெல்லாம் இதற்காகத்தான்.

இந்த இடத்தில் ஒரு பயத்தையும் தீர்த்து வைக்க விரும்புகிறேன். மரபணு என்ற சொல்லைக் கேட்டதுமே "அப்ப இதெல்லாம் மரபணு மாற்றிய அரிசியா அக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை. ஆர்சி, எஸ்டிஆர்4, எஸ்டி1 எல்லாம் நெல்லுக்குள் ஆதியிலிருந்து இருப்பவை, அல்லது இயற்கையில் ஏற்பட்ட அவற்றின் மாற்று வடிவங்கள். கிளியர்ஃபீல்டு நெல்லின் தாங்கும் தன்மையும் நெல்லின் சொந்த மரபணுவில் நேர்ந்த விகாரத்தால் வந்தது, வேறு உயிரினத்திலிருந்து புகுத்தியது இல்லை. மரபணு மாற்றிய நெல் மலேசியாவில் வணிகமாகப் பயிரிடப்படுவதில்லை. மரபணுவை அறிந்துகொள்வது வேறு, மாற்றுவது வேறு. இந்த வேறுபாட்டைப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பள்ளித் தோட்டம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் விளிம்புவரை ஊற்றி, ஒன்றில் உமியோடு நெல், இன்னொன்றில் முழுக் கோதுமை போட்டு மூடி வையுங்கள். கோதுமை உப்பி அழுகும். நெல்லோ தண்ணீருக்கு அடியிலிருந்தே வெண்ணிறமாக ஒரு நீண்ட குழல் போன்ற முளையுறையை மேல்நோக்கி அனுப்பும். வேர் வராது. கிடைக்கும் சிறிதளவு சக்தியை எல்லாம் மேலே காற்றைத் தேடுவதில் போடுகிறது. உயிர்வளி இல்லாமலேயே மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸை நெல்லால் தயாரிக்க முடியும், கோதுமையால் முடியாது. பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மறக்கமாட்டார்கள்.

ஆனாலும் எல்லா நெல்லும் தண்ணீருக்கு அடியில் ஒரே மாதிரி சமாளிப்பதில்லை. பெரும்பாலான இரகங்கள் முளையுறையை நீட்டிவிட்டுப் பாதியில் களைத்துச் சாகும். மியான்மரின் கவ் லான் ஓன் என்ற பழைய நெல் அப்படிச் சாகாது. அதற்குக் காரணமான ஓஎஸ்டிபிபி7 என்ற மரபணுவைப் பற்றி 2015இல் ஆய்வு வெளியானது. சர்க்கரை போதும் என்று செல்லுக்குச் சொல்லும் ஒரு மூலக்கூற்றை இந்த மரபணு குறைத்துவிடுகிறது. அதனால் கரு இன்னும் பசியோடு இருப்பதாகவே உணர்ந்து மாவுச்சத்தை விடாமல் உடைக்கிறது. நேரடி விதைப்புச் செய்த மறுநாளே மழை கொட்டும் நம் தாழ்வான வயல்களுக்கு இது பொருத்தமான குணம். வெள்ளம் தாங்கும் நெல் என்று பலரும் கேள்விப்பட்ட சப்1ஏ மரபணு வேறு. அது ஓரளவு வளர்ந்த பயிர் முழுதாக மூழ்கும்போது வளர்ச்சியை அடக்கிக் காப்பாற்றும். முளைக்கும் கட்டத்தில் அதை நம்ப முடியாது. "வெள்ளம் தாங்கும்" என்று யாராவது விற்றால் எந்தக் கட்டத்தில் என்று கேளுங்கள். நம் கையில் இப்போதைக்கு இருக்கும் மருந்து வயலைச் சமப்படுத்துவதும், விதைத்த நாலைந்து நாள் தண்ணீர் வடியும்படி வாய்க்கால் வெட்டி வைப்பதும்தான். பள்ளமான மூலைகளில் முளைப்பு இல்லையென்று விதைமேல் பழி போடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்த மூலையின் படத்தைத்தான்.

சேமிப்பைப் பற்றி. பினாங்குக் காற்றில் சாக்குப் பையில் திறந்து வைத்த நெல் ஈரத்தை இழுத்து 14 விழுக்காட்டைத் தாண்டும். விதை இயலில் ஹாரிங்டன் சொன்ன ஒரு கணக்கு உண்டு. ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும், சூடு சுமார் 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். துல்லியமான சட்டம் இல்லை, ஆனால் வழிகாட்ட நல்லது. நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் போடுங்கள். குளிர்பெட்டியில் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவடையான உடனே குளிரில் வைத்தால் ஆயுளோடு உறக்கமும் சேர்ந்து நீடிக்கும். உறக்கம் கலைய உலர்ந்த, கதகதப்பான இடத்தில் சில வாரங்கள் தேவை. இரகத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று மாதம்கூட ஆகும். முதலில் வெளியில் உறக்கம் கலையட்டும், அப்புறம் குளிருக்கு அனுப்பலாம்.

வீட்டிலேயே சோதிப்பது கடினமில்லை. பையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, பொறுக்காமல் நூறு மணியை எண்ணுங்கள். ஈரமான சமையலறைத் தாளில் பரப்பிச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் வாயைத் தளர்வாக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தாள் சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. ஐந்தாம் நாள் ஒரு தடவை, பதினான்காம் நாள் ஒரு தடவை எண்ணுங்கள். குருத்தும் வேரும் இரண்டும் நன்றாக இருப்பதைத்தான் முளைத்ததாகக் கணக்கிட வேண்டும். வேரில்லாமல் குருத்து மட்டும் வந்ததைச் சேர்க்காதீர்கள். 80க்குக் கீழே போனால் நான் யோசிப்பேன்.

இனி முக்கியமான பகுதி. முளைக்காமல் உறுதியாக இருக்கும் மணிகளில் இருபதை எடுத்து, கரு இருக்கும் முனையில் நகம் படாமல், உமியை மெதுவாக உரித்துவிட்டு, மறுபடியும் ஈரத்தாளில் வையுங்கள். நெல்லின் உறக்கத்தில் ஒரு பங்கு உமியாலும் மேல்தோலாலும் வருவது. உமி போனதும் சில நாளில் முளை விட்டால் விதை உயிரோடு இருந்து உறங்கியதென்று பொருள். அப்போதும் அசையாமல் பூசணம் பூத்தால் செத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளலாம்.

கூடத்தில் நாங்கள் உலர்ந்த விதையை 50 பாகை சூட்டில் சில நாட்கள் வைத்து உறக்கத்தைக் கலைக்கிறோம், அல்லது பொட்டாசியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஊறவைக்கிறோம். வீட்டு அடுப்பில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஈரமான விதையை அந்தச் சூட்டில் நாள்கணக்கில் வைத்தால் உறக்கத்தோடு உயிரும் போய்விடும். நைட்ரிக் அமிலம் ஊற்றலாம் என்று எங்கோ படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து கூடாது. நேரம் இருந்தால் காத்திருங்கள். நேரம் இல்லையென்றால் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, அப்புறம் தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு நாள் முழுதும் ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் இன்னொரு நாள் மூடி வையுங்கள். இலேசான உறக்கமென்றால் இதற்கே கலைந்துவிடும்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் அம்மாக்களும் என்னிடம் கேட்கிறார்கள்: பயறு இரண்டே நாளில் வந்துவிடுகிறது, நெல் மட்டும் ஏன் பிந்துகிறது? பயறு இயல்பாகவே வேகமானது. நெல்லுக்கு மூன்று, நாலு நாள் வேண்டும். அதோடு பூசைக்கடையில் கிடைக்கும் நெல் எந்த ஆண்டுடையது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தனியாக ஒரு நாள் முன்னதாக ஊறவைத்துப் பிறகு மற்றவற்றோடு கலந்தால் சேர்ந்து எழும்பும். விழா முடிந்ததும் அந்த மண்ணையும் முளையையும் நெல் வயல் ஓரத்திலோ அதன் வாய்க்காலிலோ விடாதீர்கள். அதில் எந்த இரகம், எந்தக் களை நெல் கலந்திருக்கிறதென்று நமக்குத் தெரியாது.

கடைசியாக விதை அளவு. ஆயிரம் மணியின் எடை சுமார் 25 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோவில் 40,000 மணி. எக்டருக்கு 100 கிலோ போட்டாலே சதுர மீட்டருக்கு 400 மணி விழுகிறது. முளைப்பு 60 விழுக்காடென்றாலும் 240 நாற்று நிற்கும். நேரடி விதைப்புக்கு அதுவே தாராளம். அப்படியிருக்க, பயத்தில் இன்னும் 50 கிலோவை மேலே தூவினால், உறங்கிய மணிகளும் இரண்டு வாரம் கழித்து விழித்து எழும்பும். பயிர் நெருங்கி, தண்டு மெலிந்து, இலையுறைக் கருகல் நோய்க்கு வழி திறக்கும். ஒரு பாதி முற்றும்போது இன்னொரு பாதி பச்சையாக நிற்கும். ஆலையில் விலை பிடிக்கும்போது அந்தப் பச்சை நெல்தான் கண்ணில் படும்.

நீங்கள் வாங்கும் விதைப் பையில் தைத்திருக்கும் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். இரகத்தின் பெயர், தொகுதி எண், சோதித்த தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். கடைக்காரரிடம் அறுவடையான மாதத்தையும் கேட்டு அந்தச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பையிலிருந்தும் இரண்டு கை விதையை எடுத்து, உலர்ந்த போத்தலில் சீட்டோடு சேர்த்து மூடி, நாற்று மூன்று இலை விடும்வரை வைத்திருங்கள். பிரச்சினை வந்தால் எங்களுக்கு அந்தப் போத்தல்தான் வேண்டும். ஏற்கெனவே ஊறவைத்து, முளைத்து, சேற்றில் கிடந்த மணிகளை வைத்துக்கொண்டு விதை முதலில் எப்படி இருந்தது என்று எந்தக் கூடத்தாலும் சொல்ல முடியாது.